தொழில் செய்யும் இடமே பயிற்சிக் கூடம்

(காரைக்கால் வட்டார விவசாயிகளும் அண்டை ஊர்ப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பயிற்சி என்ற சொல் இந்நாளில் நம் கிராமங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. விதை நேர்த்தி செய்யப் பயிற்சி, மண் மாதிரி எடுக்கப் பயிற்சி, கறவை மாடு வளர்க்கப் பயிற்சி, நடவு இயந்திரம் ஓட்டப் பயிற்சி என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று நடந்துகொண்டேயிருக்கிறது. பயிற்சி நடந்தது என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது எளிது. அதன் பயனாக எத்தனை வயல்களில் எத்தனை பேருடைய வேலை மாறிற்று என்று கேட்கத் தொடங்கினால் விடை சொல்வது கடினமாகிவிடுகிறது. கூட்டத்தில் கேட்ட செய்தி வீட்டு வாசல் வரை வந்து, வயல் வரப்பு வரை வராமல் நின்றுவிடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஏன் இப்படி ஆகிறது? இதைச் சீர்ப்படுத்துவதில் பஞ்சாயத்துக்களுக்கு என்ன பொறுப்பு இருக்கிறது? இவ்விரண்டு கேள்விகளைப் பற்றிச் சில கருத்துக்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சுருங்கச் சொன்னால் என் கருத்து இதுதான். ஒரு தொழிலை எந்தக் கை செய்கிறதோ அந்தக் கைக்கே, அது வேலை செய்யும் இடத்திலேயே, வேலை நடக்கும் பருவத்திலேயே பயிற்சி கிடைக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் செலவிட்ட பணமும் காலமும் பெரும்பாலும் வீணாகிவிடுகின்றன.

முன்னோர் கற்ற விதம்

நம் முன்னோர் தொழில் கற்றுக்கொண்ட விதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாற்றங்காலுக்குச் சேறு பதமாயிற்றா என்பதைத் தகப்பனாரோடு சேற்றில் இறங்கிய மகன் தன் காலாலேயே அறிந்தான். நடவுக்குப் புதிதாக வந்த பெண்ணைக் கைதேர்ந்த இருவருக்கு நடுவே நிறுத்தினார்கள். நாற்றை ஆழமாக ஊன்றினால் பக்கத்தில் நிற்பவள் அப்பொழுதே திருத்தினாள். தச்சரும் கொல்லரும் நெசவாளரும் தங்கள் பட்டறையிலும் தறியிலுமே பிள்ளைகளைப் பழக்கினார்கள். தவறு செய்த அக்கணமே அது திருத்தப்பட்டது என்பதே அம்முறையின் பெருமை. ஆலைத் தொழிலிலும் இந்த உண்மையை ஒப்புக்கொண்டே 1961-ஆம் ஆண்டில் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. பள்ளியில் படித்ததோடு நில்லாமல், தொழிற்சாலையில் கைதேர்ந்தவர்களுடன் நின்று பழக வேண்டும் என்பது அதன் அடிப்படை.

ஆயினும் பழைய முறை ஒன்றே இன்று நமக்குப் போதும் என்று சொல்வதற்கில்லை. தகப்பனாருக்குத் தெரிந்ததை மட்டுமே மகன் அவரிடம் கற்க முடியும். தகப்பனார் காலத்தில் இல்லாத விதையும் இயந்திரமும் பூச்சிக்கொல்லியும் இன்று வந்துவிட்டன. தண்ணீரின் நிலைமையும் மாறிவிட்டது.

காரைக்கால் காவிரியின் கடைமடைப் பகுதி. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு முதலிய கிளைகள் நமக்குத் தண்ணீர் கொண்டுவந்து கடலில் கலக்கின்றன. 1991-ஆம் ஆண்டு நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. தண்ணீர் என்றது. 2007-ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பு அதைப் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று வகுத்தது. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும் அந்த 7 டி.எம்.சி.யை மாற்றவில்லை. அளவு தாளில் இருந்தாலும், தண்ணீர் வந்து சேரும் நாள் நம் கையில் இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்று நம்பி வகுத்த வேலைக் கணக்கு பல ஆண்டுகளில் பொய்த்திருக்கிறது. காலம் தாழ்ந்தால் எந்த ரகத்தை எடுப்பது, நாற்று விடுவதா நேரடியாக விதைப்பதா என்று உடனுக்குடன் தீர்மானிக்கும் அறிவு கடைமடை விவசாயிக்குத் தலைமடை விவசாயியைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். சம்பா, தாளடி அறுவடைக்கு முன், நிலம் மெழுகு பதத்தில் இருக்கும்போது உளுந்தையும் பயறையும் தெளிப்பது நம் பகுதியின் பழைய வழக்கம். கை அறுவடைக் காலத்தில் எத்தனை நாள் முன்னதாகத் தெளிப்பது என்பது பெரியவர்களுக்குக் கைவந்த கணக்கு. இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. அதன் பட்டைச் சக்கரத்தின் கீழ் முளைத்த பயறு நசுங்குகிறது. எனவே பழைய நாள் கணக்கை மாற்ற வேண்டியதாயிற்று. முன்னோரின் அறிவு குறைபாடுடையது என்று இதற்குப் பொருளன்று. வேலை செய்யும் முறை மாறினால் பழைய அறிவையும் புதுப்பித்தாக வேண்டும் என்பதே பொருள்.

மேலிருந்து கீழே வந்த பயிற்சி

சுதந்திரத்திற்குப் பின், 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தியடிகள் பிறந்த நாளில், நாட்டில் 55 சமுதாய நலத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. அடுத்த ஆண்டே தேசிய விரிவாக்கத் திட்டமும் வந்தது. கிராம சேவக் என்னும் ஊழியர் சில கிராமங்களுக்கு ஒருவராக நியமிக்கப்பட்டார். 1960-61-இல் தீவிர விவசாயத் திட்டத்திற்கு நாட்டில் முதன்முதல் தேர்ந்தெடுத்த மாவட்டங்களுள் நம் அண்டையிலுள்ள தஞ்சாவூரும் ஒன்று. நல்ல விதை, உரம், கடன், யோசனை ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே கொடுப்பது அதன் நோக்கம். அப்பத்தாண்டில் ஆடுதுறை 27 என்னும் குறுவை ரகம் டெல்டா முழுவதும் பரவியது. பின்னர் 1970-களிலும் 1980-களிலும் உலக வங்கியின் ஆதரவோடு வேறொரு முறை நடைமுறைக்கு வந்தது. ஊழியர் குறித்த காலத்தில் பயிற்சி பெறுவார். பிறகு குறித்த நாளில் கிராமத்திற்கு வந்து, தேர்ந்தெடுத்த சில விவசாயிகளைச் சந்தித்துச் செய்தி சொல்வார். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

இம்முறைகள் செய்த நன்மையை மறுக்க முடியாது. ஒரே செய்தியைப் பல்லாயிரம் பேருக்கு விரைவாகக் கொண்டுசெல்ல அவை உதவின. ஆனால் அவற்றின் குறையை டெல்டா மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் திறந்த தண்ணீர் வழியெல்லாம் வற்றிக் கடைமடைக்குச் சொட்டாக வருவதுபோல, ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த செய்தி அதிகாரி, ஊழியர், முன்னோடி விவசாயி என்று படிப்படியாக இறங்கி, நிலத்தில் குனிந்து வேலை செய்பவரிடம் வரும்போது தேய்ந்துபோயிற்று. அவருடைய கேள்வி மேலே ஏறிச் செல்ல வழியும் இல்லாமற் போயிற்று.

புதுச்சேரியில் பிறந்த ஒரு நிலையம்

இக்குறையை நீக்க எழுந்த முயற்சிகளுள் முக்கியமான ஒன்று நம் புதுச்சேரியிலேயே தொடங்கிற்று என்பது நாம் பெருமைப்படத்தக்க விஷயம். 1973-இல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம் உதயப்பூரைச் சேர்ந்த மோகன் சிங் மேத்தாவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. விவசாயிகளுக்குத் தொழிற்பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்று அக்குழு ஆராய்ந்தது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் நிறுவப்பட்டது. இன்று அத்தகைய நிலையங்கள் நாட்டில் 700-க்கு மேல் இருக்கின்றன. காரைக்காலில் மாதூரில் ஒன்று இருக்கிறது. 1987-இல் தொடங்கிய பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியும் செருமாவிலங்கையில் இருக்கிறது.

மேத்தா குழு மூன்று கொள்கைகளை வகுத்தது. முதலாவது, வேலை அனுபவத்தின் மூலமே கற்பிக்க வேண்டும்; அதற்கு எழுதப் படிக்கத் தெரிந்திருப்பது நிபந்தனை அன்று. இரண்டாவது, தொழிலில் ஏற்கெனவே ஈடுபட்டிருப்பவர்களுக்கும் சொந்தமாகத் தொழில் செய்ய விரும்புவோருக்குமே பயிற்சி. விவசாயியோடு மீனவரும் இதில் அடங்குவார். மூன்றாவது, எல்லா நிலையங்களுக்கும் பொதுவான பாடத் திட்டம் கிடையாது. அந்தந்தப் பகுதியின் தேவையையும் இயற்கை வளத்தையும் பார்த்தே பாடம் அமைய வேண்டும். அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் இவற்றைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் நடக்கும் ஒவ்வொரு பயிற்சியையும் இம்மூன்றால் அளந்து பார்க்கலாம்.

கையால் கற்பது

முதற் கொள்கையை எடுத்துக்கொள்வோம். உளுந்துப் பயிருக்குப் பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து ஒரு முறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கும்படி சொல்கிறோம். கூட்டத்தில் இதைக் கேட்பவர் "2 சதவீதம்" என்று தலையசைத்துச் செல்கிறார். வயலில் நிற்கும்போது அவருக்கு வேண்டியது சதவீதம் அன்று. தம் தெளிப்பானுக்கு எத்தனை கிராம் என்பதே. 10 லிட்டர் பிடிக்கும் தெளிப்பானுக்கு 200 கிராம். 16 லிட்டர் பிடித்தால் 320 கிராம். உரத்தை முதல் நாள் இரவே சிறிது நீரில் ஊறவைத்து, மறுநாள் மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்து எடுத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் வண்டலையும் சேர்த்து ஊற்றினால் குழாயின் முனை அடைத்துக்கொள்ளும். இத்தனையையும் ஒரு முறை தம் கையால் செய்தவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். எழுத்தறியாதவரும் ஒரு டப்பாவில் கோடு கிழித்து அளவை நினைவில் வைத்துக்கொள்வார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம்மவர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

யாருக்குப் பயிற்சி?

இரண்டாவது கொள்கையே எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நினைக்கிறேன். பயிற்சி என்றதும் நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரை அழைக்கிறோம். நாற்றுப் பறிப்பவர், நடுபவர், களையெடுப்பவர், மருந்து தெளிப்பவர், குத்தகைக்கு உழுபவர் ஆகியோர் பெரும்பாலும் வேறு மனிதர்கள். அவர்களுள் பாதிக்கு மேல் பெண்கள் என்பது டெல்டாவில் நடவு வயலைப் பார்த்தவர் எவருக்கும் தெரியும். ஒருவர் கேட்டுவருகிறார், வேறொருவர் வேலை செய்கிறார். பிறகு பயிற்சி பலிக்கவில்லை என்று வருந்துகிறோம்.

செம்மை நெல் சாகுபடியின் வரலாறு இதற்குச் சான்று. மடகாஸ்கர் தீவில் லொலானியே என்னும் பாதிரியார் 1980-களில் உருவாக்கிய இம்முறை 2000-க்குப் பின் தமிழ்நாட்டில் பரவியது. ஏக்கருக்கு 3 கிலோ அளவு விதை போதும். 14 நாள் வயதுள்ள இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 முதல் 25 சென்டிமீட்டர் வரை இடைவெளி விட்டுச் சதுரமாக நட வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்ட வேண்டும். உருளும் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்ட வேண்டும். தண்ணீர் அருமையான கடைமடைக்கு மிகப் பொருத்தமான முறைதான். ஆனால் 25, 30 நாள் நாற்றைக் கைப்பிடியாக எடுத்து விரைந்து நட்டுப் பழகிய நடவாளுக்கு, விரல் நீளமுள்ள ஒற்றை நாற்றை வேர் மடியாமல் அடையாளக் கோட்டில் வைப்பது முற்றிலும் புதிய வேலை. முதல் நாளில் அவர் வேகம் குறையும். வேகம் குறைந்தால் கூலிக் கணக்கில் தகராறு வரும். நிலத்துக்காரருக்கு மட்டும் முறையைச் சொல்லி, நடவுக் குழுவைப் பழக்காமல் விட்ட இடங்களில் ஓரிரு பருவத்தோடு இம்முறை நின்றுபோனதில் வியப்பில்லை. நடவுக் குழுவின் தலைவிக்கும் அவருடைய ஆட்களுக்கும் கூலியோடு அரை நாள் பழக்கம் கொடுப்பது நூறு பேரைக் கூட்டிச் சொற்பொழிவு செய்வதைவிடப் பயனுள்ளது. சொற்பொழிவு செய்துகொண்டே இதைச் சொல்கிறேன் என்பதையும் உணர்ந்தே சொல்கிறேன்!

மருந்து தெளிப்பவர் விஷயத்தில் பயிற்சியின்மை விளைச்சலை மட்டும் பாதிப்பதில்லை. உயிருக்கே தீங்கு விளைக்கக்கூடியது. காற்று வீசும் திசையில் நின்று தெளிப்பது, உடலை மூடிக்கொள்வது, மருந்து டப்பாவைக் குடிநீருக்குப் பயன்படுத்தாமல் அழிப்பது ஆகியவற்றை அறிய வேண்டியவர் தெளிப்பானை முதுகில் சுமப்பவரே ஆவார்.

நம் மண்ணுக்கு ஏற்ற பாடம்

மூன்றாவது கொள்கை பாடத்தைப் பற்றியது. கடற்கரையை ஒட்டிய நமக்கு உப்பு ஒரு நிலையான சங்கடம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை காரைக்கால் கரையைத் தாக்கியபோது உயிர்களோடு நிலங்களும் கடல்நீரால் பாதிக்கப்பட்டன. உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு என்பதை இங்குள்ள ஒவ்வொரு விவசாயியும் அறிந்திருக்க வேண்டும். கரையும் உப்பு மிகுந்த உவர் நிலத்தில், மின் கடத்தும் திறன் 4 என்னும் அளவைத் தாண்டியிருக்கும். அதற்கு வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் கட்டி, உப்பைக் கரைத்து வெளியேற்றுவதே மருந்து. சோடியம் மிகுந்து, கார அமில நிலை 8.5-க்கு மேற்பட்ட களர் நிலத்திற்குத்தான் ஜிப்சம் இட வேண்டும். உவர் நிலத்தில் ஜிப்சத்தைக் கொட்டுவது பணத்தைச் சேற்றில் கொட்டுவதாகும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், உப்பைத் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பதும் இரண்டிற்கும் துணை செய்யும்.

இதைத் தீர்மானிக்க மண் மாதிரி சரியாக இருக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விட்டு, வயலில் 10, 15 இடங்களில் 'வி' வடிவக் குழி எடுத்து, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணைச் சுரண்டிக் கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்து, அரைக் கிலோ அனுப்ப வேண்டும். ஒரு மூலையில் கையளவு மண் அள்ளி அனுப்பினால் ஆய்வுக்கூடம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் விடை பிழையாகவே வரும். ஊருக்கு நான்கு இளைஞர்கள் இவ்வேலையில் கைதேர்ந்தால் ஊர் முழுவதற்கும் அது போதும்.

வயல்வெளிப் பள்ளி

அயல்நாட்டில் வெற்றி பெற்ற ஒரு முறையையும் கூற வேண்டும். நமக்கு நன்கு தெரிந்த புகையான் பூச்சி இந்தோனேஷியாவில் பெருஞ்சேதம் விளைவித்தது. மருந்து கூடக்கூடப் புகையானும் கூடிற்று. புகையானைத் தின்னும் சிலந்தி முதலிய நன்மை செய்யும் பூச்சிகள் மருந்தால் முதலில் மடிந்ததே காரணம். 1986-இல் அந்நாட்டு அரசாங்கம் 57 மருந்துகளை நெற்பயிரில் தடை செய்தது. 1989-இல் உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. 25 பேர் அளவுள்ள ஒரு குழு, பருவம் முழுவதும் வாரம் ஒரு காலை வயலில் கூடும். சிறு பிரிவுகளாகப் பிரிந்து தூர்களை எண்ணும். பூச்சியையும் சிலந்தியையும் எண்ணும். கண்டதைப் படமாக வரையும். பிறகு மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாமே விவாதித்துத் தீர்மானிக்கும். ஆசிரியர் விடை சொல்லமாட்டார், கேள்வி கேட்பார்.

இம்முறை 1990-களில் இந்தியாவிலும் பரவியது. நம் வயலில் இதைச் செய்வது கடினமன்று. தூருக்கு ஒரு புகையான் என்ற அளவு வந்தால் நடவடிக்கை வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடுவதும், தழைச்சத்து உரத்தை அளவோடு பிரித்து இடுவதும், தண்ணீரை வடித்துக் காயவிடுவதும் முன்னெச்சரிக்கைகள். குனிந்து எண்ணிப் பார்த்து, "இந்த வாரம் மருந்து வேண்டாம்" என்று ஒரு முறை தாமே முடிவு செய்த விவசாயியை எந்தக் கடைக்காரரும் எளிதில் ஏமாற்ற முடியாது. தீர்மானிக்கும் திறனைத் தருவதே பயிற்சியின் உயர்ந்த பயன்.

சில ஆட்சேபங்கள்

"தினக்கூலி பெறுபவர் வேலையை விட்டுப் பயிற்சிக்கு எப்படி வருவார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் பயிற்சி வேலையோடு கலந்து, கூலி குறையாமல் நடக்க வேண்டும் என்கிறேன். "பயிற்சி பெற்ற இளைஞன் ஊரை விட்டுப் போய்விடுவானே?" என்பது மற்றொன்று. பயிற்சி தராவிட்டால் மட்டும் அவன் இருந்துவிடுகிறானா? அறுவடை இயந்திரமும் அதை ஓட்டுபவரும் வெளியூரிலிருந்து வரும் வரை அந்தக் கூலி வெளியூருக்கே போகும். ஓட்டவும் பழுது பார்க்கவும் நம் பிள்ளைகள் கற்றால் அவர்களில் சிலராவது இங்கேயே பிழைக்க வழி உண்டாகும். "எங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரிந்தது ஏராளம். ஆகவேதான் உங்களை மாணவர்களாக மட்டுமன்றி ஆசிரியர்களாகவும் அழைக்க வேண்டும். கிராமத்தில் தங்கி அனுபவம் பெறவரும் வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் உங்களிடம் கற்பதற்கு நிரம்ப இருக்கிறது.

பஞ்சாயத்தின் கடமை

அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்தது. அதனால் சேர்ந்த பதினோராவது அட்டவணையில் பஞ்சாயத்துக்களுக்குரியவையாக 29 துறைகள் குறிக்கப்பட்டுள்ளன. விவசாய விரிவாக்கம் உள்ளிட்ட விவசாயம் அவற்றுள் முதலாவது. தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும் பதினெட்டாவது. எனவே பயிற்சி என்பது இலாகாவின் வேலை, நமக்கு அதில் பங்கில்லை என்று பஞ்சாயத்து உறுப்பினர் ஒதுங்குவதற்கில்லை.

அவர்கள் செய்யத்தக்கவை பெருஞ்செலவுள்ளவை அல்ல. சாகுபடி தொடங்குமுன் ஊரில் யார் எந்த வேலை செய்கிறார்கள், எதில் தடுமாறுகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அப்பட்டியலைக் கொண்டு மாதூர் நிலையத்தையோ, உங்கள் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வேளாண் அலுவலரையோ அணுகி, இன்ன பாடம், இன்ன வாரத்தில், இன்ன வயலில் வேண்டும் என்று கேளுங்கள். வருபவர்களில் பெண்களும் கூலியாட்களும் குத்தகைதாரர்களும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரு மாதம் கழித்து அதே வயலுக்குச் சென்று, கற்றது நடக்கிறதா, நடக்காவிட்டால் ஏன் என்று விசாரியுங்கள். அந்த விடையைக் கிராம சபையில் படியுங்கள். பயிற்சி தந்தவர்களுக்கும் அதைத் தெரிவியுங்கள். வந்தவர் தொகையோடு நின்றுவிடும் அறிக்கையைவிட, மாறிய வேலையைச் சொல்லும் நான்கு வரி மேலானது.

சகோதர சகோதரிகளே! கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும் என்று நாம் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறோம். அறிவும் கடைமடை வரை வந்து சேர வேண்டும் என்று அதே உறுதியோடு கேட்போமாக. தண்ணீருக்கு நாம் பிறரை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அறிவுக்கோ வாய்க்காலை நாமே வெட்டிக்கொள்ள முடியும். வரும் சம்பாவுக்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, அதில் வேலை செய்யும் ஆண், பெண் அனைவரையும் வாரம் ஒரு காலை வரப்பில் கூட்டித் தொடங்குங்கள். மற்றவை தாமே தொடரும்.